நாற்பது பை புல்

என் அக்காவின் முழங்கால் இரண்டும் ஒட்டகத்தின் முழங்கால் மாதிரி காய்ப்பு ஏறியிருக்கும். இதை நான் சொல்லவில்லை. அத்தான் சொல்வது, அதுவும் அவள் காதுபடவே. அதற்கு அவள், "இந்தக் காய்ப்புலதான் உங்க வீட்டுக் கூரையே நிக்குது" என்பாள். அத்தான் வாயை மூடிக்கொள்வார். அவர் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கிறவர். சூடு எங்கே அதிகம் என்று தெரிந்தவர்.

அக்கா புல் அறுக்கிறாள். மாட்டுக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் நிலையம் இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் புல்வெளி, அந்தப் பக்கம் புதர்க்காடு. ஒவ்வொரு வருஷமும் மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு, அதற்குத் தகுந்தபடி புல்லும் புதரும் எவ்வளவு வளர்ந்தன என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பெரிய பட்டம் வாங்கியவர்கள் வருவார்கள், இரண்டு மூன்று வருஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். இருபத்தைந்து வருஷமாகப் போகாமல் இருப்பது அக்காவும் நானும்தான். நான் ஜீப் ஓட்டுகிறேன். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான் என்பதை வருஷத்துக்கு நாலு தடவையாவது ஞாபகப்படுத்துவாள்.

அவள் வேலையைக் கேட்டால் ரொம்பச் சுலபமாகத் தெரியும். புல் நன்றாக வளர்ந்து நிற்கும் பருவத்தில், ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலம் உள்ள இரும்புச் சட்டத்தைத் தரையில் வைப்பாள். சட்டத்துக்குள் இருக்கும் புல் முழுவதையும் தரையோடு கத்தரிப்பாள். போன வருஷத்துக் காய்ந்த சருகை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, இந்த வருஷம் முளைத்ததை மட்டும் காகிதப் பையில் போடுவாள். இப்படி நாற்பது இடம், நாற்பது பை. பிறகு அறுபது டிகிரி சூட்டில் இரண்டு நாள் அடுப்பில் உலர்த்தி, எடை போட்டு, பையின் எடையைக் கழித்து, நோட்டில் எழுதுவாள். புதரை அப்படி அறுக்க முடியாது. அதில் புதிதாக விட்ட கிளையை டேப் வைத்து அளப்பாள்.

"ரெண்டு பேருக்கும் அடுப்படி உத்தியோகம்தான்" என்பார் அத்தான். "என் அடுப்புல இருந்து வெளியே வந்தா நாலு பேர் சாப்பிடலாம். உங்க அக்கா அடுப்புல இருந்து வந்தா மாடு கூட யோசிக்கும்."

நிலையத்தில் அவளுக்குப் பெயர் தராசு. சின்னவர்கள் தராசக்கா என்பார்கள். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் திரும்ப நிறுப்பாள். தெருமுனைக் காய்கறிக் கடைக்காரர் அவளைத் தூரத்தில் பார்த்தாலே பையில் இரண்டு தக்காளியைக் கூடப் போட்டுவிடுவார். அவள் அந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த ஆளுக்கு இது கூடுதல் அவமானம்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. தவறுகளை எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே போட்டது. தேதி, தவறு, காரணம் என்று மூன்று கட்டம். 'முப்பத்தொன்றாம் பை நனைந்தது. காரணம்: கூரை ஒழுகல்.' 'போன வருஷம் அறுத்த இடத்திலேயே சட்டம் வைத்தேன். காரணம்: தலைவலி, கவனமில்லை.' தன்னைத்தானே போலீசில் பிடித்துக் கொடுக்கிற ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. "இதுக்கு எதுக்குக்கா நோட்டு? நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குத் தெரியுமேடா" என்றாள்.

எடை போடும் அறையின் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று உண்டு. நீலக் கோடு மழை. பச்சைப் புள்ளிகள் புல். பழுப்புப் புள்ளிகள் புதர். நீலம் ஏறினால் பச்சையும் ஏறும், இறங்கினால் இறங்கும். பழுப்பு மட்டும் அவ்வளவு சீக்கிரம் அசையாது. புதருக்கு வேர் ஆழம், மேலே என்ன நடந்தாலும் பொறுமையாக இருக்கும். பச்சை அப்படி இல்லை, என்னை மாதிரி. மழை வந்தால் குதிக்கும், வராவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி சார் எங்களுக்குத் தலைவராக வந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் இன்னொன்று. இருந்தும் எந்நேரமும் கண்ணாடியைத் தேடுவார். கெட்ட மனுஷர் இல்லை. கம்ப்யூட்டர் சொன்னால் நம்புவார், மனுஷர் சொன்னால் கம்ப்யூட்டரைக் கேட்பார்.

அவர் வந்ததற்கு முந்தைய மூன்று வருஷமும் மழை பொய்த்துப் போயிருந்தது. அவர் வந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு மழை இல்லை. நிலையத்தின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. ஜீப் இரண்டு தடவை சேற்றில் மாட்டியது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே குஷி. இந்த வருஷம் புல் இடுப்பு வரைக்கும் வரும் என்று பேசிக்கொண்டோம்.

அறுவடை முடிந்து ஜீப்பில் ஏறிய அக்கா வழி நெடுக ஒவ்வொரு பையாகத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு நாள் கழித்து எடை போட்டபோது விஷயம் தெரிந்தது. அந்த மழைக்குச் சட்டத்துக்கு நூற்றுத்தொண்ணூறு கிராம் வரவேண்டும் என்றது சாரின் கம்ப்யூட்டர். அக்காவின் நோட்டில் சராசரி எண்பத்துநாலு. பஞ்ச வருஷத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வியாழக்கிழமை சார் அக்காவைக் கூப்பிட்டார். நான் டீயோடு உள்ளே போகும்போது பாதிப் பேச்சு முடிந்திருந்தது.

"எடை ரொம்பக் குறைவா இருக்கும்மா. எங்கேயோ நிறுக்குறதுல தப்பு நடந்திருக்கு. இந்த வருஷக் கணக்கை எடுத்துடலாம். அடுத்த வருஷத்துல இருந்து செயற்கைக்கோள் படமே போதும்னு நினைக்கிறேன். உங்களுக்கு விதைக் கிடங்குல வேலை இருக்கு, கவலைப்படாதீங்க."

"திங்கக்கிழமை உங்க கண்ணு முன்னாடி திரும்ப நிறுக்குறேன் சார்" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நீட்டிய டீயை வாங்கி, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

இருபத்திமூன்று வருஷம் மண்டியிட்டு அறுத்தவளை விதை மூட்டை எண்ண அனுப்புவதா? அதுவும் தப்பாக நிறுத்தாள் என்ற பெயரோடு? எனக்குக் கோபம் வந்தால் மூளை விடுமுறை எடுத்துக்கொள்ளும். எடை குறைவு என்பதுதானே சாரின் புகார், எடையைக் கூட்டிவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றியதும் செய்வதுதான் என் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. சாவிக் கொத்து என்னிடம் இருந்தது. ஆபீஸ் வாசலில் அழகுக்காக வளர்க்கும் புல்தரையில் ஒரு சாக்கு நிறையப் புல் அறுத்தேன். பச்சையாகப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற அளவுக்கு அறிவு இருந்தது. அதனால் அடுப்பில் வைத்தேன். இரண்டு நாள் காத்திருக்க நேரம் இல்லாததால் சூட்டை நூற்றைம்பதுக்குத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் புல் பொன்னிறமாக வறுபட்டிருந்தது. பரவாயில்லை என்று நாற்பது பையிலும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் குலுக்கி, பழையபடி மடித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தபோது ஜீப்பின் டீசல் டேங்க் மூடியைப் பூட்டும் சாவியைக் காணோம். அது ஒன்றுதான் அன்றைக்கு என் கவலை. மற்றபடி நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை சார் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தராசுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். அக்கா முதல் பையை எடுத்தாள். தராசில் வைக்கவில்லை. கையில் வைத்தபடி நின்றாள். பிறகு பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"சார், இது என் பை இல்ல."

"எண் போட்டிருக்கே."

"பை என்னுது. உள்ள இருக்கிறது முழுக்க என்னுது இல்ல." விரலால் ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது நம்ம வாசல் புல்லு. அகலமா இருக்கு பாருங்க. கணுவுல ரோமம் இருக்கு. நம்ம வெளியில இருபத்திமூணு வருஷத்துல இது ஒண்ணு கூட முளைச்சதில்ல. போதாததுக்கு யாரோ வறுத்திருக்காங்க."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். அடுத்தடுத்து நாலு பையைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "இன்னைக்குத் திரும்ப நிறுக்கப் போறது நம்ம ரெண்டு பேருக்கும்தானேம்மா தெரியும்?" என்றார் மெதுவாக. டீ கொண்டு போனவன் அவர் கணக்கில் இல்லை.

அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. அவளைக் காப்பாற்றப் போய் அவளைத் திருடியாக்கி நிறுத்தியிருந்தேன்.

"நான்தான் சார்" என்றேன். "அக்காவுக்கு எதுவும் தெரியாது. எடை குறைஞ்சா அக்காவை அனுப்பிடுவீங்கன்னு நான்தான் ஞாயித்துக்கிழமை வந்து போட்டேன்."

அக்கா காலிப் பை ஒன்றை எடுத்து என் தலையில் ஒரு போடு போட்டாள். காகிதப் பைதான், வலிக்கவில்லை. சொன்னதுதான் வலித்தது.

"இருபத்திமூணு வருஷத்துல என் புல்லுல முளைச்ச ஒரே களை நீதாண்டா!"

"எல்லாப் பையும் கெட்டுப்போச்சு" என்றார் சார். "தூக்கிப் போட வேண்டியதுதான். நோட்டுல இருக்கிற எடையும் நோட்டுல இருக்க வேண்டியதுதான், நம்ப முடியாது."

"தூக்கிப் போட வேண்டாம் சார். கலந்தது என்னன்னு எனக்குத் தெரியும், எடுத்துடுறேன். நோட்டை நீங்களே வச்சிக்கோங்க, நான் பார்க்க மாட்டேன். எடுத்து முடிச்சதும் நிறுப்போம். நோட்டோட ஒத்துப்போனா எண்பத்துநாலை ஒத்துக்கிறீங்களா?"

சார் யோசித்தார். இரண்டு வகையிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றி உள்ளங்கையில் வைத்தார். அவள் விரலால் உருட்டியே சொன்னாள். பத்துக்குப் பத்து. சார் நோட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேசை டிராயரில் பூட்டினார்.

அன்று தொடங்கியது வேலை. வெள்ளைத் தட்டில் ஒரு பையைக் கொட்டி, இடுக்கியால் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். விசிறி போட்டால் புல் பறக்கும், அதனால் விசிறி கிடையாது. எனக்குத் தூசி என்றால் தும்மல் வரும், அதனால் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக் கதவோரம் உட்காரவைத்தாள். தொடுவதற்கு எனக்கு அனுமதி இல்லை. டீ கொண்டு வரலாம், வாசலில் நின்றபடி நீட்டலாம். முதல் நாள் சார் நின்று பார்த்தார். இரண்டாம் நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் தானும் ஒரு இடுக்கியை எடுத்துக்கொண்டார்.

"சார், அது நம்ம பிள்ளை. அதை ஏன் வெளியே தள்றீங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு!"

"உங்க மூணு கண்ணாடியும் ஒரே மாதிரியா இருக்கு?"

சார் அதற்குச் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வீட்டிலோ நிலைமை வேறு. அத்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மச்சான், இன்னைக்கு எத்தனை டிகிரியில வறுத்தீங்க?" என்று கேட்பார். ஒரு வாரம் வாயைத் திறக்க முடியவில்லை.

நாற்பது பையும் முடிய ஐந்து நாள் ஆயிற்று. சனி, ஞாயிறு முழுக்க அடுப்பில் உலர்த்தி, அடுத்த திங்கட்கிழமை தராசில் வைத்தாள். அவள் எடையைச் சொல்ல, சார் டிராயரில் இருந்து எடுத்த நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"எண்பத்தொண்ணு புள்ளி மூணு."

"எண்பத்தொண்ணு புள்ளி மூணு."

"தொண்ணூறு புள்ளி ஆறு."

"தொண்ணூறு புள்ளி ஏழு."

பத்தாவது பைக்குள் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் பையில் எல்லாம் நின்றது. நோட்டைவிட ஐந்து புள்ளி எட்டு கிராம் அதிகம். திரும்ப வைத்தாள், அதேதான். அக்காவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. பையைத் தட்டில் கொட்டினாள். வாசல் புல் ஒன்றுகூட இல்லை. காலிப் பையைக் கவிழ்த்துத் தட்டினாள், ஒன்றும் விழவில்லை. பிறகு அடி மடிப்பைப் பிரித்து, விரலை விட்டு, ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

டீசல் மூடிச் சாவி. அதைத் தேடி ஒரு வாரமாக ஜீப்பைத் தலைகீழாகப் புரட்டியிருந்தேன். தராசில் வைத்தாள். ஐந்து புள்ளி எட்டு.

சார் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. கண்ணாடிகளைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதி இருபத்திமூன்று பையும் ஒத்துப்போயின. எண்பத்துநாலு எண்பத்துநாலேதான்.

"சரிம்மா, எடை சரி. என் மேலதான் தப்பு, மன்னிச்சிடுங்க" என்றார் சார். "ஆனா இவ்வளவு மழைக்கு ஏன் இவ்வளவு கம்மி?"

அக்கா நோட்டை வாங்கி ஓரத்தைக் காட்டினாள். ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். அதை நான் ஏதோ கிறுக்கல் என்றே நினைத்திருந்தேன். சட்டத்துக்குள் உயிரோடு இருக்கும் புல் தூர்களை, அதாவது ஒரே வேரடியில் இருந்து எழும் கொத்துகளை, அவள் முதல் வருஷத்தில் இருந்தே எண்ணி வந்திருக்கிறாள். நல்ல வருஷங்களில் ஒரு சட்டத்தில் முப்பது, முப்பத்திரண்டு தூர். மூன்று வருஷ வறட்சியில் இருபத்தைந்து, பதினெட்டு என்று கரைந்து, இந்த வருஷம் பதினொன்று.

"இருக்கிறவங்க நல்லாத்தான் சாப்பிட்டிருக்காங்க சார். ஒரு தூரை எடுத்துக்கிட்டா எந்த வருஷத்தையும் விட அதிகமாவே கொடுத்திருக்கு. பந்தி போட்டாச்சு, உட்கார ஆள்தான் இல்ல. மிச்சத் தண்ணி எல்லாம் கீழ இறங்கிப் போச்சு. புதர் குடிச்சிடுச்சு. புதர்க் கணக்கைப் பாருங்க."

பழுப்புப் புள்ளி எந்த வருஷமும் இல்லாத உயரத்தில் இருந்தது. அதை யாரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. எல்லாரும் பச்சைக்காகத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். சார் அந்தக் கோடுகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். "இது கம்ப்யூட்டர்ல இல்லையே" என்றார். "யாரும் கேக்கலையே சார்" என்றாள் அக்கா.

அன்றைக்குச் சுவர் வரைபடத்தில் பச்சைப் புள்ளியை அவளையே வைக்கச் சொன்னார். நீலக் கோடு உச்சியில் இருக்க, அதற்குக் கீழே, வெகு கீழே, ஸ்டூலில் ஏற வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் அவள் புள்ளியை வைத்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

அடுத்த வருஷம் மழை சுமார்தான். செயற்கைக்கோள் படமும் வந்தது, ஆனால் அக்காவின் வேலை போகவில்லை. புல் அறுப்பதற்கு முன்பே சார் அவளைக் கேட்டார்: "எவ்வளவு வரும்மா?" தூர் இருபத்தாறாகிவிட்டது, நூற்றைம்பது பக்கம் வரும் என்றாள் அவள். கம்ப்யூட்டர் நூற்றுப்பத்து என்றது. வந்தது நூற்று நாற்பத்தெட்டு. சார் இப்போது கம்ப்யூட்டருக்கு எண் எண்ணாகத் தூர் எண்ணிக்கையை ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த அறுவடையின்போது ஒரு பை கிழிந்துவிட்டது. அதை எழுதுவதற்காகத் தவறு நோட்டை எடுத்து வரச் சொன்னாள். கொண்டு வரும்போது முந்தைய பக்கம் புரண்டது. என் கதை அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நடந்ததை எழுதாமல் விடுகிற ஆளா அவள்? களவு, திருட்டு என்று என்ன எழுதியிருந்தாலும் எனக்குத் தகும் என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

'தவறு: நாற்பது பையிலும் வாசல் புல் கலந்தது. பதினேழாம் பையில் ஜீப் சாவி, 5.8 கிராம், கழிக்கப்பட்டது. காரணம்: தம்பியின் பாசம்.'

கீழே சாரின் கையெழுத்தும் இருந்தது.

"என்னடா, நோட்டு கிடைச்சுதா இல்லையா?" என்று அக்கா புல்லுக்குள் இருந்து கத்தினாள். "கிடைச்சிடுச்சுக்கா" என்றேன். நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, டயரில் காற்று பார்க்கிறேன் என்று சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.